மாதப் பார்ட்டிஷன்: 1ஆம் தேதி அதிகாலையில் மட்டும் இன்சர்ட் எரர்

கேள்வி:
போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ், டேபிளை மாதவாரியாகத் துண்டுகளாக (பார்ட்டிஷன்) பிரித்திருக்கிறோம். பார்ட்டிஷன் கீ (எந்தத் துண்டு என்று தீர்மானிக்கும் ஃபீல்டு), டைம்ஸோனுடன் கூடிய டைம்ஸ்டாம்ப். மார்ச் வரை பார்ட்டிஷன்களைக் கையால் உருவாக்கினோம், ஏப்ரலில் இருந்து கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்). ஏப்ரல் 1, இந்திய நேரம் 00:00 முதல் 05:30 வரை எல்லா இன்சர்ட்டும் 'பொருந்தும் பார்ட்டிஷன் இல்லை' என்று விழுந்தன. அதன்பின் தானாகச் சரியானது. இரண்டு ஸ்கிரிப்டிலும் எல்லை '2024-04-01' தான். ஓட்டை எங்கே?

பதில் 1:
அந்த ஐந்தரை மணி நேரத்தில்தான் விடை இருக்கிறது. ஆஃப்செட் (+05:30 போன்ற நேர வித்தியாசம்) இல்லாமல் தேதி மட்டும் கொடுத்தால், கிரியேட் ஓடும் செஷனின் (டேட்டாபேஸ் இணைப்பின்) டைம்ஸோனில் அதைப் படித்து நிலையான நேரமாகச் சேமித்துவிடும். கையால் ஓட்டிய செஷன் +05:30 என்றால் மார்ச் பார்ட்டிஷன் மார்ச் 31, 18:30 யுடிசியோடு (உலகப் பொது நேரம், +00) முடிகிறது. கிரான் யுடிசியில் ஓடினால் ஏப்ரல் பார்ட்டிஷன் ஏப்ரல் 1, 00:00 யுடிசிக்குத்தான் தொடங்கும். நேர்மாறாக இருந்திருந்தால் ஓவர்லேப் என்று கிரியேட்டே நின்றிருக்கும்; அது எவ்வளவோ மேல்.

சரிபார்க்க, முதலில் செஷன் டைம்ஸோனை யுடிசி ஆக்கிவிட்டு எல்லைகளைப் பாருங்கள். அவை செஷன் நேரத்தில்தான் காட்டப்படும்.

எல்லையை ஆல்ட்டர் செய்ய வழியில்லை. மார்ச் பார்ட்டிஷனை டிட்டாச் செய்து (டேபிளில் இருந்து கழற்றி), பழைய தொடக்கத்தோடும் '2024-04-01 00:00:00+00' என்ற முடிவோடும் மீண்டும் அட்டாச் செய்யுங்கள். இரண்டும் ஒரே டிரான்சாக்‌ஷனில் இருக்கட்டும், இல்லாவிட்டால் இடையில் மார்ச் டேட்டா க்வெரிகளில் காணாமல் போகும். அதற்கு முன்பே புதிய எல்லைக்குப் பொருந்தும் செக் கன்ஸ்ட்ரெயின்ட்டை (வரிசைகளுக்கான நிபந்தனையை) 'நாட் வேலிட்' ஆக, அதாவது பழைய வரிசைகளை உடனே சோதிக்காமல் சேர்த்து, பிறகு வேலிடேட் செய்துவிட்டால் அட்டாச் நேரத்தில் முழு டேபிள் ஸ்கேன் இருக்காது. கீ ஃபீல்டு 'நாட் நல்' ஆக இருக்க வேண்டும்.

கேட்டவர்:
டிஃபால்ட் பார்ட்டிஷன் (வேறெதிலும் பொருந்தாத வரிசைகளுக்கானது) வைத்தால் போதாதா?

பதில் 2:
எரர் மறையும், ஓட்டை அப்படியே இருக்கும். அங்கே விழுந்த வரிசைகளை உள்ளடக்கும் பார்ட்டிஷனைப் பிறகு சேர்க்கப் போனால், அவற்றை நகர்த்தும்வரை அனுமதிக்காது. வைப்பதானால் அதில் ஒரு வரிசை விழுந்தாலும் அலர்ட் வரட்டும். ஸ்கிரிப்டில் எல்லா எல்லைக்கும் +00 எழுதுவதுதான் உண்மையான தீர்வு.

ரிப்போர்ட் க்வெரிகளையும் பாருங்கள். WHERE பகுதியில் ஃபீல்டைத் தேதியாகக் காஸ்ட் செய்தால் (வகை மாற்றினால்) ப்ரூனிங் (தேவையில்லாத பார்ட்டிஷன்களைத் தவிர்ப்பது) நடக்காது, எல்லாப் பார்ட்டிஷனும் ஸ்கேன் ஆகும். '>= 2024-03-31 18:30+00', '< 2024-04-01 18:30+00' என்று எழுதினால் இந்திய ஏப்ரல் 1 முழுதும் வரும், தொடுவது இரண்டே பார்ட்டிஷன். கோடை நேரம் மாறும் நாடுகளுக்கு 24 மணி நேரம் கூட்டாதீர்கள். அங்கே மாறும் நாளுக்கு 23 அல்லது 25 மணி நேரம். இரு முனைகளையும் டைம்ஸோன் பெயரை வைத்துத் தனித்தனியே கணக்கிடுங்கள்.

பதில் 3:
மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸிலும் இதே பொறிதான். டைம்ஸ்டாம்ப் ஃபீல்டை யூனிக்ஸ் டைம்ஸ்டாம்ப் ஃபங்ஷன் (நேரத்தை 1970 தொடக்கத்தில் இருந்து எண்ணிய வினாடிகளாக மாற்றுவது) வழியாக ரேஞ்ச் பார்ட்டிஷன் செய்யும்போது, எல்லையில் எழுதும் தேதியும் செஷன் டைம்ஸோனில்தான் எண்ணாக மாறும். எண்ணை நேரடியாகவே கொடுங்கள்: 2024 ஏப்ரல் 1, 00:00 யுடிசிக்கு 1711929600.