செட்டிநாட்டு மாலை வகுப்புகள்: இன்னும் உறுத்துகிற ஒரு பிள்ளை

கண்மாய்க்கரை:

தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் தொடங்கிய சில மாதங்களிலேயே தன்னார்வலராகச் சேர்ந்தவள் நான். மையம் எப்படி நடக்கும் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்தாம் வகுப்புப் பெண். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற குடும்பம். எங்கள் ஊர்க் கண்மாய் ஓரம் தார்ப்பாய் கட்டித் தங்கியிருந்தார்கள். வந்த முதல் வாரமே, நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த கதைப் புத்தகத்தை விரல் வைத்துத் தங்குதடையின்றிப் படித்தாள். எழுத்துக்கூட்டித் தடுமாறும் கூட்டத்தில் இப்படி ஒருத்தியா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரம் அவளையே எழுப்பிப் படிக்கச் சொன்னேன். வந்து பார்த்த தலைமையாசிரியர் முன்னாலும் அவள்தான் படித்தாள்.

ஆடிக் காற்று. வேப்பமரத்தடி. அவள் கிளி அரசமரத்தில் கூடு கட்டும் பக்கத்தில் இருந்தாள். காற்று ஒரே வீச்சில் இரண்டு தாள்களைப் புரட்டிவிட்டது. புதிய பக்கத்தில் கிணறும் எருமையும் இருந்தன. அவளுடைய விரல் எருமையின் கீழே வரி வரியாக நகர்ந்தது. வாய் கிளியைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மற்ற பிள்ளைகள் கவனிக்கவில்லை. நான் கவனித்ததை அவள் கவனித்துவிட்டாள். நிறுத்தவில்லை. குரல் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. கதையைக் கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்துப் புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நன்றாகப் படித்தாய், உட்கார்."

மறுநாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் தார்ப்பாயும் இல்லை, கரி படிந்த தரை மட்டும்தான் இருந்தது. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் குழாயடியில் அந்தக் கதையை அவளுக்கு வாசித்துக் காட்டுவானாம், பிறகுதான் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்தை அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆத்தங்குடிக்காரன்:

அக்காவின் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குப் பூக்கல் பட்டறை, தரையில் பதிக்கும் வண்ணக் கல் செய்கிற இடம். வேலை தெரியாதவர்கள் யாரும் இங்கே இருக்க மாட்டார்கள், ஆனாலும் ஒரு வரி: கண்ணாடிமேல் சட்டம், சட்டத்துக்குள் அச்சு, அச்சுக்குள் வண்ணச் சாந்து, அதன் முதுகில் மணலும் சிமென்டும். கல்லின் முகம் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். நாம் ஊற்றுகிறபோது இடமாகத் தெரிவது, காய்ந்து திருப்பினால் வலமாக வரும்.

எங்களிடம் வேலை பார்ப்பவரின் மகன், ஏழாம் வகுப்பு. பெயரைத் தவிர வேறு எழுத வராது, பெருக்கல் வரவே வராது என்று மாலை வகுப்பு நடத்தும் பெண் சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை பட்டறையில் திரிவான். ஒருநாள் காரைக்குடியிலிருந்து ஒருவர் வந்து, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு எட்டு இஞ்சுக் கல் எத்தனை வேண்டும் என்று கேட்டார். நான் தாளைத் தேடுவதற்குள் இவன், "இந்தப் பக்கம் பதினைந்து, அந்தப் பக்கம் பதினெட்டு, இருநூற்று எழுபது, உடைசலுக்குப் பத்து" என்றான். எழுதிப் பார்த்தேன். சரி.

அதைவிட இன்னொன்று. ஒரு மதியம் அச்சு இல்லாமல் கரண்டியாலேயே சிவப்புச் சாந்தை ஊற்றித் தன் பெயரைக் கண்ணாடிமேல் எழுதினான். காய்ந்து திருப்பியபோது எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறிக் கிடந்தது. அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு இன்னொரு கண்ணாடியை எடுத்தான். கடைசி எழுத்தை முதலில் வைத்து, 'க'வைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி, ஒவ்வொன்றாக ஊற்றினான். இரண்டாவது கல் கச்சிதமாக வந்தது. சிவப்பில் அவன் பெயர்.

இவனுக்கா எழுத வராது? அவனைத் தட்டிக்கொடுத்து, பள்ளி விட்டதும் தினமும் வா என்றேன். கைச்செலவுக்குப் பணமும் கொடுத்தேன். மாலை வகுப்பும் அதே நேரம்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இப்போது அவன் வகுப்புக்குப் போவதே இல்லை. நல்லது செய்ததாக நினைத்தேன். அந்தக் கல் இன்னும் என் மேசைமேல் இருக்கிறது.

இராயவரம் ஆசிரியை:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். கோபம் வந்தது, மறைக்கவில்லை. 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. குழந்தை நடிகர்களை விட்டால், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தில் உள்ள விலக்கு, பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதற்குத்தான். உங்கள் பட்டறை அவன் அப்பாவின் வேலையிடம், குடும்பத் தொழில் அன்று. கைச்செலவு என்று சொன்னாலும் கூலி கூலிதான். நாளையே நிறுத்துங்கள். பையனை நீங்களே கூட்டிக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வையுங்கள்.

என் அனுபவம் சின்னது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்லுடைக்கும் பெண்களுக்கு இரவில் சொல்லிக்கொடுக்கப் போனேன். பெண்கள் சைக்கிள் கற்ற காலம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். ஒரு அம்மாள் எண்கள் மட்டும் கற்றிருந்தாள். சனிக்கிழமை கூலிச் சிட்டையை வாங்கி, முழுவதும் பார்த்து, "ஒரு லோடு குறைகிறதே ஐயா" என்றாள். கணக்கு எழுதுபவர் அவள் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடுத்த வாரம் அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

இனி, சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளுக்குச் சிலது சொல்ல வேண்டும். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை மறுபடி 'அ'வில் உட்கார வைக்காதீர்கள், கூனிக்குறுகிப் போய்விடும். 247 எழுத்தையும் வரிசையாக முடித்த பிறகுதான் சொல் என்றால் பிள்ளை ஓடிவிடும். ட, ப, ம மூன்றும் எழுத எளியவை. ஒரு புள்ளியையும் சேர்த்தால் அன்றைக்கே படம், பட்டம், மடம் வந்துவிடும். துணைக்கால் சேர்த்தால் பாடம், மாடம். முதல் நாளே ஒரு சொல்லைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

பிள்ளைகள் விழுகிற இடம் வேறு. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கெ' என்பதில் கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாய் முதலில் 'க்'கைச் சொல்ல வேண்டும். இதை யாரும் வாயால் விளக்குவதில்லை. அடுத்தது உகரம். கு, டு, து, பு நான்கையும் எழுதிப் பாருங்கள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. இகரத்தை ஒருமுறை கற்றால் எல்லா எழுத்துக்கும் ஆகும், உகரத்துக்கு அப்படி ஆகாது. அதற்கு ஒரு மாதம் கொடுங்கள், திட்டாதீர்கள். பிள்ளை சொல்கிற வாக்கியத்தையே நீங்கள் பலகையில் எழுதி அதையே படிக்கச் சொல்லுங்கள். "நேற்று எங்கள் ஆடு குட்டி போட்டது" என்பதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இன்னொன்று, தவறு செய்த சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிடாதீர்கள், பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டினால் போதும். இன்னும் நிறைய இருக்கிறது, தனியாக எழுதுகிறேன்.

புதுவயல்:

பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மா அரிசி ஆலையில் வேலை. பெண் தன் ஏழு மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். அவன் அழுதால் மற்றவர்களுக்குத் தொந்தரவு, குழந்தையோடு வராதே என்றேன். அவள் வாதாடவில்லை. மறுநாளிலிருந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். குழந்தை தோளில் தூங்க, நான் பலகையில் எழுதுவதை அவன் முதுகில் விரலால் எழுதிக்கொண்டிருந்தாள். நான்கு நாள் கழித்துத்தான் பார்த்தேன். இப்போது இருவரும் உள்ளே இருக்கிறார்கள், பாயும் தூளியும் போட்டிருக்கிறேன். அந்த நான்கு நாளை நினைத்தால்தான்.

கானாடுகாத்தான் திண்ணை:

கண்மாய்க்கரை அக்கா, அந்தப் பெண் உங்களை ஏமாற்றியதாக நீங்கள் எழுதவில்லை, ஆனால் படிப்பவர்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் வகுப்பு நடத்துவது ஒரு பெரிய வீட்டுத் திண்ணையில். வீட்டுக்காரர்கள் சென்னையில். வளவில், அதாவது உள்வீட்டில், ஆச்சி மட்டும் இருக்கிறார், வயது எண்பதுக்கு மேல். பிள்ளைகள் சத்தம் போட்டால் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு நாள் தகரப் பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்து ஆறாம் வகுப்புப் பையனிடம் நீட்டி, "வாசி ராசா, எனக்குக் கண் தெரியவில்லை" என்றார். மலேயாவிலிருந்து அவருடைய வீட்டுக்காரர் எழுதியது. மடிப்பில் தாள் நைந்திருந்தது.

பையன் எழுத்துக்கூட்டி மெதுவாகப் போனான். ஆச்சியின் உதடு அவனுக்கு ஒரு சொல் முன்னால் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. நடுவில் ஒரு சொல்லில் பையன் நின்றான். 'கவ' வரைக்கும் வந்தான், அடுத்த எழுத்து தெரியவில்லை. நானும் குனிந்து பார்த்தேன், சட்டென்று பிடிபடவில்லை. பழைய வடிவ 'லை'. யானைத் தும்பிக்கை போலச் சுருண்டு நிற்குமே, அது. 1978-இல் அரசு எழுத்தைச் சீர்திருத்திய பிறகு படித்தவர்கள் நாங்கள் இருவரும். பாடப்புத்தகத்தில் அதைக் கண்டதில்லை.

"கவலை" என்றார் ஆச்சி. "கவலைப்படாதே, ஐப்பசியில் வருகிறேன்."

பையன் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து, "இதுவா லை?" என்றான். "எனக்கு எழுத்துத் தெரியாது ராசா. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை வாசித்துக் காட்டினார். மூன்று தடவை கேட்டேன்" என்றார் ஆச்சி. பையன் கடிதம் முழுவதையும் தேடினான். அதே சுருள் இன்னும் நான்கு இடத்தில் இருந்தது. நான்கையும் யாரையும் கேட்காமல் படித்தான்.

மனப்பாடமாகக் கையில் இருந்த ஒரு சொல்லிலிருந்து எழுத்து கிடைத்தது. உங்கள் பெண்ணிடம் ஒரு புத்தகம் முழுவதும் மனப்பாடமாக இருந்ததே அக்கா! கிளி என்று சொல்கிற இடத்தில் விரலை நிறுத்தி, எது 'கி', எது 'ளி' என்று கேட்டிருந்தாலே போதுமே. குறையாகச் சொல்லவில்லை. நானும் அன்று ஆச்சியிடமிருந்துதான் கற்றேன்.

ஆத்தங்குடிக்காரன்:

டீச்சர், நீங்கள் சொன்னது சரி. சாக்கு சொல்ல மாட்டேன். இன்று மாலை அவனை நானே சைக்கிளில் கூட்டிப்போனேன். வகுப்பு நடத்தும் பெண்ணிடம் அந்தக் கல்லைக் கொடுத்தேன். அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கல் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டு என்று அவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்தாள். பதினைந்து, பதினெட்டு என்று எழுதிவிட்டு நடுவில் பெருக்கல் குறி போடத் தெரியாமல் நின்றான். அதை அவள் போட்டாள்.

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் நன்றி. திண்ணைத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. காலையில் அந்தக் கதைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே 'கிளி' ஏழு இடத்தில் வருகிறது.

அவர்கள் குடும்பம் இளையான்குடிப் பக்கம் மூட்டம் போடப் போயிருப்பதாக விறகுக் கடைக்காரர் சொன்னார். ஊர்ப் பெயர் சரியாகத் தெரியவில்லை, பஸ் நிறுத்தத்தில் கேட்டால் புகை வரும் இடத்தைக் காட்டுவார்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். நூலகத்தில் புத்தகத்துக்குத் தவணை நீட்டித்து வாங்கிவிட்டேன். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், கரிமூட்டப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.