அண்ணனோடு பேசாமல் திருவிருந்து எடுக்கலாமா?

கேள்வி: அப்பா வீட்டைப் பங்கு பிரித்ததில் அண்ணனோடு பேச்சு நின்று இரண்டு வருடமாகிறது. ஒரே சபைதான். போன ஞாயிறு திருவிருந்தில் (இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பெறும் ஆராதனையில்) அவர் எனக்குப் பக்கத்திலேயே முழங்காலிட்டிருந்தார், அப்பத்தைக் கையில் வாங்கும்போது, காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:23-24 நினைவுக்கு வந்து தொண்டை அடைத்துவிட்டது. இனி விலகி நிற்கவா?

பதில்: விலகாதீர்கள் தம்பி. 1 கொரிந்தியர் 11:28-இல் பவுல் தன்னைத்தானே சோதித்தறிந்து அப்புறம் புசிக்கத்தான் சொல்கிறார்.

பதில்: மத்தேயுவை இன்னொரு முறை வாசியுங்கள். "உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் போதும், யார் மேல் தப்பு என்ற பேச்சே அங்கு இல்லை, முதலில் எழுந்து போகவேண்டியது நாம்தான். நாத்தனாருக்குப் போன் போட நான் மூன்று மாதம் தயங்கினேன், எடுத்ததும் அவர் கேட்டது "சாப்பிட்டியா?"

கேட்டவர்: சரி அக்கா, இன்று சாயங்காலம் போகிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.