இரண்டரை வருடம் விவாதித்து, கடைசியில் கைவிட்ட திட்டம்: ஹோலிரூட் (ஸ்காட்லாந்து நாடாளுமன்றம்) விவாதங்களால் என்ன பலன்?

மலர்_கிளாஸ்கோ எழுதியது:

வணக்கம். நான் கிளாஸ்கோ பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். 2022 ஜூனில் தேசியப் பராமரிப்புச் சேவை மசோதா ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, எங்கள் இல்லத்தில் டீ இடைவேளையெல்லாம் அதே பேச்சுதான். ஒரு கவுன்சில் (உள்ளாட்சி) பகுதியில் கிடைக்கும் பராமரிப்பு பக்கத்துக் கவுன்சிலில் கிடைப்பதில்லை. இனி எல்லா இடத்திலும் ஒரே தரம் வரும் என்று நம்பினோம். 2025 ஜனவரியில் அந்தச் சேவையை அமைக்கப் போவதில்லை என்று அரசே அறிவித்துவிட்டது.

மனசு கேட்காமல், ஒரு வியாழக்கிழமை லீவு போட்டு எடின்பரோ போய், முதலமைச்சர் கேள்வி நேரத்தைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேட்டது ஒன்று, பதில் சொன்னது வேறு. மேசை தட்டல், கூச்சல். 129 உறுப்பினர்கள் இருக்கும் சபை அரசை உண்மையிலேயே தட்டிக் கேட்கிறதா? இல்லை, இவ்வளவுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லீத்_சேகர்:

மலர், நீங்கள் பார்த்தது வாரத்தில் ஒரு மணி நேரம்கூட நடக்காத பகுதி. பராமரிப்பாளர்களுக்கான ஒரு தொண்டு அமைப்பில் ஏழு வருடம் இருந்தேன். நாடாளுமன்றக் குழுக்களுக்கு எழுத்து மூலம் கருத்து தயாரித்து அனுப்புவது என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது லண்டன் நாடாளுமன்றத்தில், பிரபுக்கள் சபை என்ற மேலவை இருக்கிறது. கீழ்ச்சபை கவனிக்காமல் விட்டதை அங்கே இன்னொரு முறை பார்ப்பார்கள். ஹோலிரூட்டில் மேலவையே கிடையாது. 1999-இல் தொடங்கும்போதே அந்தப் பொறுப்பைக் குழுக்களிடம் கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலான மசோதாக்கள் முதலில் ஒரு குழுவுக்குப் போகும். குழு பொதுமக்களிடம் கருத்து கேட்கும், சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும், அறிக்கை கொடுக்கும். அடிப்படை நோக்கம் சரியா என்று சபை வாக்களிக்கும். அது முதல் கட்டம். இரண்டாம் கட்டத்தில் வரிவரியாகத் திருத்தம். மூன்றாவதில் முழுச் சபையும் கடைசித் திருத்தங்களைப் பார்த்து இறுதி வாக்கெடுப்பு.

இப்போது உங்கள் மசோதாவுக்கு வருகிறேன். அரசு கொண்டுவரும் மசோதாவோடு, இதற்கு எவ்வளவு செலவாகும் என்ற கணக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 2022 டிசம்பரில் நிதிக் குழு அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, இதை வைத்து முடிவெடுக்க முடியாது, புதுக் கணக்கு கொண்டு வாருங்கள் என்று கேட்டது. ஆளும் கட்சி உறுப்பினர்களும் இருக்கும் குழு அது, கவனியுங்கள். மசோதாவில் முக்கியமான விஷயங்கள் எழுதப்படவே இல்லை, எல்லாம் பிறகு அமைச்சர் போடும் விதிகளில் வரும் என்று விட்டிருந்தார்கள். அதையும் குழுக்கள் பிடித்துக்கொண்டன. முதல் கட்ட வாக்கெடுப்பு வர 2024 பிப்ரவரி கடைசி ஆகிவிட்டது. அதற்குள் தொழிற்சங்கங்கள் எதிர்ப்புக்குப் போய்விட்டன. அந்த வருடமே கவுன்சில்களின் கூட்டமைப்பான காஸ்லாவும் ஆதரவை விலக்கிக்கொண்டது, பசுமைக் கட்சியும் விலகியது. அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. அப்புறம் எப்படி நிறைவேற்றுவது?

அதனால் விவாதம் வீண் என்று நான் நினைக்கவில்லை. கணக்கு சரியில்லாத ஒரு திட்டத்தை விவாதம் நிறுத்தியது. மிச்சமிருந்த பகுதி 2025 ஜூனில் சட்டமாக நிறைவேறியது. முதியோர் இல்லத்தில் இருப்பவரைப் பார்க்கக் குடும்பத்தார் வரும் உரிமை அதில் இருக்கிறது. கொரோனா காலத்தில் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று அழுத பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சம்பளமில்லாமல் வீட்டில் பராமரிப்பவர்களுக்கு இடையிடையே ஓய்வு எடுக்கும் உரிமையும் அதே சட்டத்தில்தான்.

வடக்குக்காற்று:

சேகர் அண்ணா சொல்வது சரி, ஆனால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த இரண்டரை வருடமும் காத்திருந்தது மலர் மாதிரி ஆட்கள்தான். செலவுக் கணக்கு தேறாத மசோதாவை உள்ளே விட்டதே தவறு. குழுவில் நன்றாகக் கேள்வி கேட்கும் உறுப்பினரே, மாலை ஐந்து மணி வாக்கெடுப்பில் கட்சி சொன்னபடி வாக்களிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்த உதாரணம் மதுவுக்கான குறைந்தபட்ச விலைச் சட்டம். 2012-இல் நிறைவேற்றும்போதே, நடைமுறைக்கு வந்து ஆறு வருடத்தில் சட்டம் தானாகக் காலாவதியாகும், தொடர வேண்டுமென்றால் சபை மறுபடி வாக்களிக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். வழக்கெல்லாம் முடிந்து 2018 மே 1-ஆம் தேதி யூனிட்டுக்கு (மதுவில் உள்ள ஆல்கஹாலை அளக்கும் அலகு) 50 பென்ஸ் என்று நடைமுறைக்கு வந்தது. விளைவுகளை ஆராய்ந்த அறிக்கை வந்தது. 2024-இல் சபை மறுபடி வாக்களித்து அதைத் தொடர வைத்தது, விலையும் 65 பென்ஸ் ஆனது. எல்லாப் பெரிய சட்டத்துக்கும் இப்படி ஒரு நிபந்தனை வேண்டும் என்பது என் ஆசை.

மலர்_கிளாஸ்கோ:

இரண்டு பேருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை மாதிரி ஒருத்தி எழுதினால் குழுவில் படிப்பார்களா? என் ஆங்கிலம் அவ்வளவு நன்றாக இருக்காது. வேலை செய்யும் இடத்தில் தெரிந்தால் பிரச்சினை வருமோ என்ற பயமும் இருக்கிறது.

லீத்_சேகர்:

படிப்பார்கள் அம்மா. குழு கருத்து கேட்கும்போது நாடாளுமன்ற இணையதளத்திலேயே கேள்விகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டியதில்லை. பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம். இரவு ஷிஃப்டில் எத்தனை பேருக்கு எத்தனை பராமரிப்பாளர்கள் என்று நீங்கள் எழுதும் நாலு வரி, எங்கள் அமைப்பு எழுதிய பத்துப் பக்கத்தைவிட அவர்களுக்கு உதவும். அது எங்களுக்கே தெரியும்.

மனு போடும் வழியும் உண்டு. ஒரே ஒரு கையெழுத்து போதும். 2014-இல் இரண்டு பெண்கள், அறுவை சிகிச்சையில் தங்கள் உடலுக்குள் வைத்த மெஷ் என்ற பிளாஸ்டிக் வலையால் பட்ட துன்பத்தை மனுவாகக் கொண்டுவந்தார்கள். அதே வருடம் அந்த அறுவை சிகிச்சையை நிறுத்திவைக்கும்படி சுகாதார அமைச்சர் மருத்துவ வாரியங்களைக் கேட்டுக்கொண்டார். தனியாரிடம் போய் வலையை எடுத்துக்கொண்டவர்களுக்குச் செலவைத் திருப்பித் தரும் சட்டம் 2022-இல் வந்தது. எட்டு வருடம். அவர்கள் விடவில்லை.

சுகாதாரக் குழு வழக்கமாகச் செவ்வாய்க் காலையில் கூடும். அனுமதி இலவசம். வருகிறீர்களா?

மலர்_கிளாஸ்கோ:

வருகிறேன் அண்ணா. திங்கள் இரவு ஷிஃப்ட் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுவிட்டேன். எட்டரைக்கு எடின்பரோ வேவர்லி ஸ்டேஷனில் இருப்பேன்.