கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது? ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் மூவர் பேசிக்கொண்டது

கொழிஞ்சாம்பாறை அம்மா:

போன வருஷம் முழுக்க முழுக்கை ரவிக்கைதான் போட்டேன். வெயிலுக்காக இல்லை, பல் தடத்தை மறைக்க. பையனுக்கு அப்போது நாலு வயது; ஆட்டிசம் என்று சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது. கடிப்பான், உதைப்பான், தட்டைத் தூக்கி எறிவான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஒருவர் மந்திரித்த கயிறு கொடுத்தார். கட்டினோம். கயிற்றையும் கடித்தான்.

தெரபிஸ்ட் அக்கா ஒரு நோட்டு போடச் சொன்னார். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே நாங்கள் என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு எரிச்சல். குழந்தையைக் காட்டப் போனால் எனக்குப் பரீட்சை வைக்கிறார்களே என்றிருந்தது. இரண்டு வாரத்தில் 23 கடி. அதில் 14 ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், அம்மிச்சி (என் அம்மா) ஊட்டும்போது.

அம்மிச்சிக்கு ஊர் தாராபுரம் பக்கம். எங்களோடு இங்கே பாலக்காட்டுப் பக்கம் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, மலையாளம் பிடிபடாது. தெரபியில் இவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளில் ஒன்று ‘மதி’, மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். இவன் வாயில் அது ‘மய்’ என்று வரும். அம்மிச்சி நிலாவைக் காட்டி இன்னொரு வாய் ஊட்டுவார். (தமிழில் மதி என்றால் நிலாதானே, அவரை எப்படிக் குறை சொல்ல?) இரண்டாவது ‘மய்’, மூன்றாவது ‘மய்’, அப்புறம் கடி. கடித்தவுடன் தட்டு உள்ளே போய்விடும். அவன் கேட்டதும் அதைத்தான். வாயால் சொல்லிக் கிடைக்காதது கடித்தால் கிடைக்கிறது என்று நாங்களே பழக்கியிருக்கிறோம். நோட்டில் என் கையெழுத்திலேயே 14 தடவை இருந்தது.

இப்போது முதல் ‘மய்’யிலேயே தட்டை எடுத்துவிடுகிறோம், இரண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தாலும். வார்த்தை வராத நாளுக்கு உள்ளங்கையைக் காட்டப் பழக்கினோம். அம்மிச்சிக்கு மனசே ஆறவில்லை, ‘பிள்ளை பட்டினி கிடக்குது’ என்று தினமும் புலம்பல். அரை இட்லியாக வைத்து, அவன் கேட்டால் இன்னொரு அரை என்று சமாதானம் செய்தேன். போன் விஷயம் வேறு மாதிரி. போன் கேட்டுக் கடித்தால் கொடுப்பதில்லை என்று நின்றபோது முதல் ஐந்து நாள் கடி இரட்டிப்பானது. முதலில் கூடும், அப்புறம்தான் குறையும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டாம் நாளே கொடுத்திருப்பேன். போன மாதம் மொத்தம் நாலு கடி.

செங்கோட்டை அப்பா:

எங்கள் வீட்டில் கடி இல்லை, பையன் முடியைப் பிடித்து இழுப்பான். கொல்லம் ரயிலில் பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் சத்தம் தாங்காமல், முன் சீட்டுப் பெண்ணின் பின்னலைப் பிடித்துவிட்டான். நான் அவன் கையை இழுத்தேன், அவர் அலறினார், இவன் இன்னும் இறுக்கினான். இழுக்கவே கூடாது என்று அப்புறம்தான் கற்றேன். அவன் கையை அவர் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டால் முடி இழுபடாது. பிறகு சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக விடுவிக்கலாம். கடித்தாலும் அப்படித்தான். கையைப் பிடுங்கினால் சதை கிழியும், வாய்ப் பக்கமே மெல்லத் தள்ளினால் தாடை தளரும். அந்த நேரத்தில் பேச்சே வேண்டாம். நான் பேசப் பேச அவனுக்குச் சத்தம்தான் கூடுகிறது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘அடி போட்டு வளர்க்கணும்’ என்றார். சரி, அவருக்கு வலித்திருக்கும். இப்போது குகை வருவதற்கு முன்பே, ஹெட்போன் மாதிரி இருக்கிற காதடைப்பான் மாட்டிவிடுகிறேன்.

சித்தூர்க்காரி (ஆந்திரா, உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் இல்லை):

நோட்டில் எதுவுமே பிடிபடாவிட்டால் உடம்பைப் பாருங்கள். என் மகள், 7 வயது, பேச்சு வராது. திடீரென்று கன்னத்தில் தானே குத்திக்கொள்ள ஆரம்பித்தாள். காலை, ராத்திரி, விளையாட்டு, தூக்கம், கணக்கே இல்லை. ஓர் இடத்தில் நேராக ரிஸ்பெரிடோன், அதாவது மூர்க்கத்தைக் குறைக்கிற மருந்து, எழுதினார்கள். அந்த மருந்தைக் குற்றம் சொல்லவில்லை, தேவைப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம். மூன்று வாரம் கழித்து வேலூர் போய் மயக்கம் கொடுத்துப் பார்த்ததில், அவள் குத்திக்கொண்ட அதே பக்கத்தில் இரண்டு கடைவாய்ப் பல் சொத்தை, ஒன்று சீழ் கட்டியிருந்தது. எடுத்த பிறகு குத்துவது முக்கால்வாசி நின்றது. மீதி மலச்சிக்கல் இருக்கிற நாட்களில் வருகிறது. இப்போது நோட்டில் நாலாவதாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன்: வெளிக்குப் போனாளா, தூங்கினாளா.

கொழிஞ்சாம்பாறை அம்மா:

நாலாவது பத்தி இன்றே போடுகிறேன். செங்கோட்டை அண்ணா, காதடைப்பான் எங்கே வாங்கினீர்கள்? இவன் தொப்பியே வைக்க விடமாட்டான்.

செங்கோட்டை அப்பா:

தென்காசியில் ஹார்ட்வேர் கடையில், டைல்ஸ் அறுக்கிறவர்கள் மாட்டுவது. பெரியவர்கள் அளவுதான், மேல் வளைவில் கைக்குட்டையைச் சுற்றிச் சரிசெய்தேன். எடுத்தவுடன் ரயிலில் மாட்டாதீர்கள், வீசிவிடுவான். நான் முதல் பத்து நாள் வீட்டில் என் காதில் மாட்டிக்கொண்டு சுற்றினேன். பதினொன்றாம் நாள் அவனே பிடுங்கிப் போட்டுக்கொண்டான்.