குயிக் ஷிஃப்டர் மாட்டிய மறுநாள், புளியரை ஏற்றத்தில்

செங்கோட்டை, நிஞ்ஜா 300

என் நிஞ்ஜா பைக்கில் குயிக் ஷிஃப்டர் மாட்டி மூன்று வாரம் ஆகிறது. கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற, கால் லீவரைத் தூக்கும்போது எஞ்சினை ஒரு கணம் வெட்டித் தரும் கருவி அது. அந்த வைக்கோல் லாரி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

சென்சார் நீளத்துக்கு, லீவரையும் கியர் பெட்டியையும் இணைக்கும் கியர் ராடைக் குறைக்க வேண்டும் என்பது மாட்டியவர்களுக்குத் தெரியும். தென்காசியில் ஒரு லேத் பட்டறையில் ராடை வெட்டி மரை போட்டு வாங்கினேன். இரண்டு இக்னிஷன் காயிலின் ஒயர் கப்ளர்களுக்கும் நடுவில் ஒயரைச் சொருகி, போனில் கில் டைம், அதாவது எஞ்சினை வெட்டும் நேரம், 60 மில்லி செகண்ட் வைத்தேன். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றி, கிளட்ச் தொடாமல் ஆறு கியரும் போட்டுப் பார்த்தேன். ஆறும் சத்தமில்லாமல் விழுந்தன.

மறுநாள் ஞாயிறு, காலை ஆறு மணி. புளியரை எஸ் வளைவு தாண்டி ஏற்றம். முன்னால் கேரளத்துக்குப் போகும் வைக்கோல் லாரி, இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு. எதிரே காலிச் சாலை. இரண்டாவது கியரில் பத்தாயிரம் ஆர்பிஎம் வரை இழுத்து, லாரியின் பின்சக்கரத்துக்கு நேராக வரும்போது மூன்றாவதுக்குத் தட்டினேன். கியர் விழவில்லை. எஞ்சின் வீல் என்று அலறுகிறது, வண்டி நகரவில்லை. அதே நேரம் மேலே வளைவில் கேரள அரசின் சிவப்பு பஸ் இறங்கி வருகிறது. வைக்கோல் ஹெல்மெட்டில் சரசரவென்று உரசியது. அந்தச் சத்தம்தான் இப்போதும் தூக்கத்தில் கேட்கிறது.

கிளட்சைப் பிடித்து, பிரேக் அடித்து, எப்படியோ லாரிக்குப் பின்னால் வந்துவிட்டேன். பஸ் போனபிறகுதான் கவனித்தேன். லாரி டிரைவர் இடதுபக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கி எனக்கு இடம் விட்டிருக்கிறார். ஈர மண்ணில் டயர் தடம் பத்தடிக்கு மேல் இருந்தது.

ஆரியங்காவில் நிறுத்திப் பார்த்தால் கியர் லீவர் ஒரு விரல்கடை கீழே இறங்கியிருக்கிறது. ராடின் ஒரு முனை ரிவர்ஸ் மரை. அந்த நட்டையும் வழக்கமான திசையில் திருப்பியிருக்கிறேன். இறுக்குவதாக நினைத்துத் தளர்த்தியிருக்கிறேன். ராடு ஓடஓடச் சுழன்று நீளம் மாறியதில், கால் முழுதாகத் தூக்கியும் கியர் பாதித் தூரம்தான் போயிருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை, ஆர்3

படித்ததும் வயிறு கலங்கிவிட்டது அண்ணாச்சி.

எனக்கு நேர்ந்தது இவ்வளவு பெரிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் தங்கை என் பின்னால் உட்கார மாட்டேன் என்கிறாள். வேலந்தாவளத்திலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்தோம். மழை, அதனால் தடித்த ரப்பர் ஷூ போட்டிருந்தேன். கள்ளுக்கடை தாண்டி இரண்டு பக்கமும் பனைமரம் மட்டும் இருக்கிற இடத்தில் எஞ்சின் ஒரு நொடி நின்று நின்று வந்தது. மூன்று தடவை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று நினைத்தேன். பின்னாலிருந்து தங்கை, "அண்ணா, வண்டிக்கு மூச்சு வாங்குதா?" என்றாள். அவள் கை என் தோளை இறுக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

ஷூவின் மூக்கு லீவருக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. சென்சாரை அதிகபட்ச உணர்திறனில் வைத்திருந்தேன். சாலைக் குழியில் கால் லேசாக ஆடினாலும், கியர் மாற்றப் போகிறேன் என்று எண்ணி இக்னிஷனை வெட்டிவிட்டது. உணர்திறனைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. தங்கைக்குத்தான் புரியவைக்க முடியவில்லை.

களியக்காவிளை, ஆர்சி 390

என் கதை சின்னது. ஒயரை வெட்டாமல் மேலே கடித்துப் பிடிக்கும் கிளிப் போட்டேன். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. பாறசாலை ரயில் நிலையத்துக்கு முன்னால் வண்டி செத்துவிட்டது. கிளிப்பைத் திறந்தால் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது.

ஆனால் செங்கோட்டைக்காரர் நட்டின் மீது மட்டும் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. ஸ்டாண்டில் சக்கரம் சும்மா சுற்றுகிறது, கியர் பெட்டியில் சுமையே இல்லை. சென்சாரைக் கழற்றிவிட்டுத் தட்டினாலும் அங்கே கியர் விழும். அந்தச் சோதனையை நம்பி மறுநாளே ஏற்றத்தில் லாரியை முந்தியதுதான் முதல் தவறு.

எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போது கியரின் பற்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும். எஞ்சினின் தீப்பொறியை ஒரு கணம் நிறுத்தினால் அந்தப் பிடி விடும், அதற்குள் அடுத்த கியர் நுழைய வேண்டும். குறைந்த ஆர்பிஎம்மில் அந்த இடைவெளி கூடுதலாக வேண்டும், மேலே போகப்போகக் குறைவாகப் போதும். எல்லா வேகத்துக்கும் ஒரே 60 என்பது சரிவராது. ஆளில்லாத நேர்ச்சாலையில் முதலில் 80 வைத்துப் பாருங்கள். வண்டி முன்னால் குனிந்து எழுந்தால் நேரம் அதிகம், ஐந்து ஐந்தாகக் குறையுங்கள். கியர் கால்விரலில் முட்டித் திரும்பினால் குறைவு.

செயின் தொய்வைப் பார்த்தீர்களா? தொங்குகிற செயினில் எந்த அளவு வைத்தாலும் இடிக்கும். லீவர் மேலே போகும்போது ராடு இழுபடுகிறதா, நெருக்கப்படுகிறதா என்பதையும் பாருங்கள், சென்சாரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சென்சார் ஒயர் சைலன்சர் பக்கம் போகக்கூடாது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு நான் இன்றும் கிளட்ச்தான் பிடிக்கிறேன், நடுவில் நியூட்ரல் இருக்கிறது. கீழே இறக்கும்போதும் கட்டாயம் கிளட்ச். ஆக்சிலேட்டர் கேபிளால் இயங்கும் வண்டியில் குயிக் ஷிஃப்டர் அதைத் தானாகத் தூக்கித் தராது. கொழிஞ்சாம்பாறை நண்பரே, உணர்திறனை மட்டும் குறைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள், மழை ஷூவுக்குத் தகுந்தபடி லீவர் உயரத்தையும் ஏற்றுங்கள்.

போடி, டியூக் 390

அண்ணே, அவர் வழி கேட்கவில்லை, நடந்ததைச் சொன்னார். அவ்வளவு நீளமாக வகுப்பு எடுக்க வேண்டுமா? ஸ்டாண்டு பற்றிச் சொன்னது மட்டும் சரி.

என் வண்டிக்கு மாட்டியது எங்கள் ஊர் மெக்கானிக் மாமா. அறுபது வயது தாண்டியவர், இந்தச் சாமானை அதற்கு முன் கையில் தொட்டதில்லை. போனை என்னிடமே கொடுத்துவிட்டார். போடிமெட்டு 17 கொண்டை ஊசியில் ஏறும்போது பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கியருக்கும் காதைக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவது வளைவு தாண்டியதும் முதுகில் தட்டி நிறுத்தச் சொன்னார். "நாலுலேருந்து அஞ்சுக்குப் போறப்ப மட்டும் பல்லு உரசுதுடா." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கியர் மாற்றத்துக்கு மட்டும் கில் டைமை ஐந்து மில்லி செகண்ட் கூட்டினேன். மெட்டு சேரும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

போன மாதம் பட்டறையை மூடிவிட்டார். பேரன் கோவையில் இருக்கிறான், அங்கே போய்விட்டார். இனி யார் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள்?

களியக்காவிளை, ஆர்சி 390

தம்பி, வகுப்பு எடுக்கவில்லை. ஒருவர் உயிர் தப்பி வந்திருக்கிறார், அடுத்தவருக்கு அது நடக்கக்கூடாது என்றுதான் எழுதினேன். வேகச் சோதனை வேண்டுமென்றால் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் நாளுக்குப் பதிந்து போகலாம். மலைப்பாதை வேண்டாம்.

செங்கோட்டை, நிஞ்ஜா 300

இருவரும் சண்டை போட வேண்டாம். ஸ்டாண்டைப் பற்றி அண்ணன் சொன்னது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நட்டுதான் காரணம். அதை இறுக்கி, எல்லா நட்டிலும் ராடிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன். அதே 60 வைத்துத் தென்காசி சாலையில் இரண்டு நாள் ஓட்டினேன். ஒரு கியரும் தவறவில்லை, கோடும் நகரவில்லை. ஏற்றத்துக்கு இன்னும் போகவில்லை.

நான் எழுத வந்தது வேறு ஒன்றுக்கும் சேர்த்துத்தான். ஆரியங்காவு டீக்கடையில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன், அந்த லாரி நிற்காமல் போய்விட்டது. பச்சை கேபின், பின்பலகையில் மஞ்சள் எழுத்தில் சங்கரன்கோவில் என்று இருந்தது. நம்பர் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் வைக்கோல் ஓட்டுகிறவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், ஞாயிறு காலை புளியரை ஏற்றத்தில் மண்ணில் இறங்கியது யார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.