மாக்ஸ் ஓஃபுல்ஸ்: நாட்டை இழந்தபின் நடை மாறியதா?

ராயபுரம் வாசகர்:
வணக்கம். வண்ணாரப்பேட்டையில் நண்பர்கள் சிலர் கூடி மாதம் ஒரு பழைய படம் பார்க்கிறோம்; அடுத்த முறை திரைப்பட இயக்குநர் மாக்ஸ் ஓஃபுல்ஸைப் பற்றிப் பேசுவது என் பொறுப்பு. யூதர் என்பதால் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது அவருடைய கலையை எப்படி மாற்றியது?

பெரம்பூர்க்காரர்:
ஐயா, 1902இல் சார்ப்ரூக்கனில் பிறந்த அவர், தன் ‘லீபெலை’ படம் வெளியான அதே ஆண்டில் பிரான்சுக்குச் சென்று, 1938இல் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். பிரான்சும் ஹிட்லரின் படையிடம் வீழ்ந்துவிடவே, 1941இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் இயக்கிய முதல் படம் வெளிவர 1947 ஆகிவிட்டது என்பதுதான் என்னை வருத்துகிறது. அந்தப் படத்தின் பெயரே ‘தி எக்ஸைல்’, அதாவது நாட்டை இழந்தவன்.

வியாசர்பாடி ரசிகை:
நடை மாறியது என்பதைவிட முதிர்ந்தது என்பேன். 1948இல் வந்த ‘லெட்டர் ஃப்ரம் அன் அன்னோன் உமன்’ படத்தில், மாடிப்படியின் மேலே மறைந்து நிற்கும் லிசா, தான் நேசிப்பவன் வேறொருத்தியுடன் ஏறி வருவதைப் பார்க்கிறாள். பல ஆண்டுகள் கழித்து அவளே அவனுடன் ஏறி வரும்போது, கேமரா அதே இடத்திலிருந்து பார்க்கிறது, ஆனால் அங்கே மறைந்து நிற்க இப்போது யாருமில்லை.

ராயபுரம் வாசகர்:
மிக்க நன்றி. அந்தக் காட்சியை இருமுறை போட்டுக் காட்டிவிட்டே பேசத் தொடங்குகிறேன். அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பினாரா?

பெரம்பூர்க்காரர்:
திரும்பினார். 1950இல் ‘லா ரோந்த்’, 1955இல் ‘லோலா மோந்தெஸ்’. 1957இல் ஹாம்பர்க்கில் காலமானார். அடக்கம் செய்யப்பட்டது பாரிஸில்.