கச்சேரி (மாவட்டச் செயலகம்) போன்ற அரச அலுவலகங்களின் சேர்வர்களை மூடிவிட்டு எல்லாவற்றையும் கிளவுட்டில் சேர்க்கலாமா?

ஹட்டன்வாசி:
அரச அலுவலகங்களில் தனித்தனியாக ஓடும் சேர்வர்களை மூடிவிட்டு, எல்லாவற்றையும் லங்கா கவர்மென்ட் கிளவுட்டுக்கு (அரச அலுவலகங்களுக்கான பொதுக் கணினி மையம், இணையம் வழியாகப் பயன்படுத்துவது) கொண்டுபோக வேண்டும் என்பது என் கட்சி. நம் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் சேர்வர் இருப்பது பழைய பதிவேடுகள் அடுக்கிய அறையில். ஏசி கிடையாது, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பனி நேராக உள்ளே வருகிறது. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. பேக்கப் யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அமெரிக்க அரசு 2010இல் இந்த வேலையைத் தொடங்கி ஆயிரக்கணக்கான டேட்டா சென்டர்களை மூடிவிட்டது. நாம் ஏன் தயங்க வேண்டும்?

ஊவாக்காரி:
2023ஐ மறந்துவிட்டீர்களா அண்ணே? அந்தக் கிளவுட்டில் இருந்த அரச மின்னஞ்சலை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) தாக்கி, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் அப்படியே போய்விட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அந்த மாதங்களுக்கு பேக்கப்பே இல்லை. தென்கொரியாவைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோனில் உள்ள அரச டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து, 709 அரச சேவைகள் நின்றன. அரச ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அழிந்தன, வேறெங்கும் பிரதி இல்லை.

நானுஓயா:
தங்கச்சி, 2023இல் ஓடியது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அந்த ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. ஒரே இடத்தில் வைத்ததால் அல்ல, காலத்தில் மாற்றாததால் வந்த வினை அது. கொழும்பிலேயே மாற்ற ஆளில்லை என்றால், ஒரு டி.எஸ். ஆபீஸில் (பிரதேச செயலகத்தில்) யார் வந்து மாற்றப் போகிறார்கள்?

ஊவாக்காரி:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இங்கே என்ன நடந்தது? ரோடு இல்லை, கரண்ட் இல்லை, போன் சிக்னலும் இல்லை. எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) எத்தனை குடும்பம், யார் கர்ப்பிணி, யாருக்கு நிவாரணம் என்று பார்க்க வேண்டிய நேரம் அதுதான். எல்லாம் கொழும்பில் இருந்தால் லைன் அறுந்த அன்று கிராம சேவகர் கையில் என்ன இருக்கும்? இன்னொன்றும் இருக்கிறது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோன மலையகச் சனம் நாம். 2003இல் சட்டம் வரும்வரை காகிதத்துக்காக அலைந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். நம் பதிவு தொலைந்தால் அது வெறும் சிஸ்டம் கோளாறு இல்லை.

ஹட்டன்வாசி:
அதே மழையில் மண்மேடு ஆபீஸ் மேல் சரிந்திருந்தால்? சேர்வரும் போயிருக்கும், பக்கத்தில் இருக்கும் பதிவேடும் போயிருக்கும். காகிதத்துக்காக அலைந்த சனம் என்பதால்தான் பதிவு மலைக்கு வெளியேயும் இருக்க வேண்டும் என்கிறேன்.

ஊவாக்காரி:
வெளியேயும் இருக்கட்டும், இங்கேயும் இருக்கட்டும். மூலம் கிளவுட்டில். அன்றாடம் புதுப்பிக்கப்படும் ஒரு பிரதி ஒவ்வொரு டி.எஸ். ஆபீஸிலும், லைன் இல்லாவிட்டாலும் திறக்கிற மாதிரி.

நானுஓயா:
அத்தனை ஆபீஸிலும் பிரதி என்றால், தகவல் கசிய அத்தனை வாசல். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறகு எதற்கு? கொழும்புக்கு வெளியே இரண்டாவது டேட்டா சென்டர் ஒன்று, ஆபீஸ்களுக்கு செட்டலைட் இணைப்பு. இது போதும்.

ஊவாக்காரி:
செட்டலைட் டிஷ்ஷுக்கும் கரண்ட் வேண்டும் அண்ணே. அந்த யூபிஎஸ் பேட்டரியை முதலில் யார் மாற்றித் தருவார்கள், அதைச் சொல்லுங்கள்.